பால் நிற ரத்தத்தின் கதை



திருப்பருத்திக்குன்றத்துக் கோயில் ஓவியம், வேகவதி ஆறு, பழைய கல்வெட்டு என்று எழுதிக்கொண்டிருந்தவர் இன்று ரத்தக் கொழுப்பைப் பற்றி எழுதுகிறாரே என்று சிலர் நினைக்கலாம். இதுவும் வரலாறுதான். ஒரு நோயை மனிதன் புரிந்துகொள்ள எத்தனை ஆண்டுகள் ஆயின, அதுவரை எத்தனை பேர் வீண்பழி சுமந்தார்கள் என்பதைச் சொல்லும் வரலாறு. நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான், மருத்துவம் அல்ல. என்னிடம் படித்து இன்று மருத்துவராக இருக்கும் ஒரு மாணவி எனக்குப் பொறுமையாகப் பாடம் நடத்தினார். புரியாத இடத்தில் நானும் கை தூக்கிக் கேட்டேன். பதிவு நீளம்தான், இரண்டு தவணையாகவாவது படித்துவிடுங்கள்.

முதலில் அடிப்படை. நாம் உண்ணும் எண்ணெய், நெய், பால், கறி எல்லாவற்றிலும் உள்ள கொழுப்பில் பெரும்பகுதிக்கு ட்ரைகிளிசரைடு என்று பெயர். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கொலஸ்ட்ராலுக்குப் பக்கத்து வரியில் இருக்குமே, அதுதான். வெறும் வயிற்றில் எடுத்தால் 150க்குக் கீழே இருக்க வேண்டும். 500ஐத் தாண்டினால் மருத்துவர் முகம் மாறும். 1000ஐத் தாண்டினால் கணையத்துக்கே ஆபத்து.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது மூன்றாம் வகுப்புப் பாடம். ரத்தம் பெரும்பாலும் தண்ணீர். அப்படியானால் கொழுப்பு அதில் எப்படிப் போகிறது? குடல் அந்தக் கொழுப்பைச் சிறு சிறு உருண்டைகளாகக் கட்டி, மேலே புரத உறை போட்டு அனுப்புகிறது. இவற்றுக்குக் கைலோமைக்ரான் என்று பெயர். சரக்கு லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்ச் சுவரில் ஒரு நொதி காத்திருக்கிறது. அதன் பெயர் லிப்போபுரோட்டீன் லைபேஸ். சரக்கை இறக்கும் தொழிலாளி அதுதான். ஆனால் லாரி வந்து நின்றதுமே அது இறக்கிவிடாது. லாரியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். அந்தச் சீட்டுதான் அபோலிப்போபுரோட்டீன் சி-2 என்ற சிறு புரதம். 79 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு குட்டிச் சரம், அவ்வளவே.

சீட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும்? தொழிலாளி இருக்கிறார், லாரியும் இருக்கிறது, சரக்கு மட்டும் இறங்காது. அடுத்த வேளைச் சாப்பாட்டின் லாரிகளும் பின்னால் வந்து நிற்கும். கடைசியில் ரத்தமே பால் போல வெளுத்துவிடும். சோதனைக் குழாயில் எடுத்துக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் மேலே ஆடை படியும்.

இனி வரலாறு. 1932இல் ஜெர்மனியில் மாக்ஸ் பியூர்கர், ஓட்டோ கிரூட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார்கள். கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன. தோலில் மஞ்சள் கொப்புளங்கள். ரத்தம் பால் நிறம். 1939இல் அமெரிக்காவில் ஹோல்ட் என்ற குழந்தை மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும், இது ஒரே குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வருகிறது என்று காட்டினார்கள். ஆக, பரம்பரை என்பது தெரிந்தது. எந்த இடத்தில் கோளாறு என்பது தெரியவில்லை.

அதற்கான துப்பு எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. 1943இல் பால் ஹான் என்ற அமெரிக்க ஆய்வாளர், கொழுப்பு உணவு தின்ற நாய்களுக்கு ஹெப்பாரின் ஊசி போட்டார். ஹெப்பாரின் என்பது ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து. கொழுப்பு உணவுக்குப் பின் வெளுத்திருந்த நாய்களின் ரத்தம் சற்று நேரத்தில் தெளிந்துவிட்டது! அதே ஹெப்பாரினைச் சோதனைக் குழாயில் உள்ள வெளுத்த ரத்தத்தில் கலந்தால் ஒன்றும் நடக்கவில்லை. அப்படியென்றால் தெளிய வைப்பது ஹெப்பாரின் அல்ல. உடம்புக்குள் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றை அது பிரித்து ரத்தத்தில் விடுகிறது. அந்த ஒன்றுதான் வேலை செய்கிறது. வகுப்பில் நான் அடிக்கடி சொல்வேனே, 'விடையைவிட, எது விடை இல்லை என்று கண்டுபிடிப்பதும் பெரிய காரியம்' என்று, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

1955இல் எட்வர்ட் கோர்ன் என்பவர் அந்த 'ஒன்று' லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதிதான் என்று நிறுவினார். அவர் சோதனைக்குப் பயன்படுத்தியது என்ன தெரியுமா? நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய்! அதை நீரில் கலக்கிப் பால் போல ஆக்கி நொதியை விட்டுப் பார்த்தார். தனியாக விட்டால் நொதி அசையவில்லை. ரத்தத்தின் தெளிந்த நீரோடு சேர்த்து வைத்த பிறகுதான் எண்ணெயை உடைத்தது. அந்த நீரில் ஏதோ ஒரு துணைப் பொருள் இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அதைத் தனியே பிரித்துப் பெயர் வைக்க இன்னும் 15 ஆண்டுகள் ஆயின. 1970இல்தான் அந்தத் துணைப் பொருள் சி-2 புரதம் என்று அடையாளம் கண்டார்கள்.

இதற்கிடையில் 1960இல் ரிச்சர்ட் ஹாவெல், ராபர்ட் கார்டன் இருவரும், பால் நிற ரத்தம் உள்ள ஒரு குடும்பத்தை ஆராய்ந்து, அவர்களிடம் அந்த நொதி வேலை செய்யவில்லை என்று கண்டார்கள். அதாவது, சரக்கு இறக்கும் தொழிலாளியே இல்லை. எல்லா நோயாளிக்கும் இதுதான் காரணம் என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது.

பிறகு கனடாவின் டொரண்டோ நகரில் ஒருவர் வந்தார். பால் நிற ரத்தம், மிக அதிகமான ட்ரைகிளிசரைடு. அவருக்கு ரத்தச்சோகையும் இருந்ததால் ரத்தம் ஏற்றினார்கள். ரத்தம் ஏற்றியது சோகைக்காக. ஆனால் அவருடைய ட்ரைகிளிசரைடு மளமளவென்று இறங்கிவிட்டது. எந்த உணவுக் கட்டுப்பாட்டுக்கும் மருந்துக்கும் இப்படி இறங்காது. 'தற்செயல்' என்று சொல்லி மறந்திருக்கலாம். கார்ல் பிரெக்கன்ரிட்ஜ், அலிக் லிட்டில், ஜார்ஜ் ஸ்டைனர் முதலானோர் அப்படி விடவில்லை. ரத்தம் கொடுத்தவரிடம் இருந்து, வாங்கியவரிடம் இல்லாமல் போனது எது என்று தேடினார்கள். சி-2 புரதம்! அந்த மனிதரிடம் நொதி இருந்தது, சீட்டுதான் இல்லை. முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தத்தில் இருந்த சீட்டைக் கொண்டு அவர் உடம்பு தேங்கிக் கிடந்த சரக்கை இறக்கியிருக்கிறது. வெளியிலிருந்து வந்த புரதம் எத்தனை நாள் தாங்கும்? சில நாட்களில் கொழுப்பு மறுபடி ஏறிவிடும். ஆனாலும் காரணம் பிடிபட்டது. 1978இல் இது நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது.

அதே ஆண்டில் டயான் காக்ஸ் என்ற மரபியல் அறிஞரும் அதே குழுவினரும் அந்த மனிதரின் உறவினர்களை ஆராய்ந்து எழுதினார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் குறையுள்ள மரபணுவை வாங்கியவர்களுக்குச் சி-2 இல்லை, பால் நிற ரத்தம், பலருக்குக் கணைய அழற்சி. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வாங்கியவர்களுக்குச் சி-2 ஏறத்தாழப் பாதி அளவுதான். ஆனாலும் அவர்களுக்கு ட்ரைகிளிசரைடு ஏறவில்லை, நன்றாகவே இருந்தார்கள். பாதிச் சீட்டே போதுமாக இருந்திருக்கிறது. இந்த உண்மையை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1987இல் அந்தக் குடும்பத்தின் சி-2 புரதத்தையே பிரித்து வரிசை பார்த்தார்கள். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விழுந்துபோயிருந்தது. அதனால் அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாம் தடம் மாறி, சரம் முழு நீளத்தை எட்டாமலே முடிந்துவிட்டது. தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். ஜக்கார்டு அட்டைக் கட்டில் ஓர் அட்டை விடுபட்டால் பார்டரில் யாளி யாளியாக விழுமா? பாவிலும் குறை இல்லை, பட்டிலும் குறை இல்லை, நெய்கிற கையிலும் குறை இல்லை. அட்டையில்தான் குறை.

பிறகு இந்தத் தொடரில் இன்னும் பலரைக் கண்டுபிடித்தார்கள். 2001இல் மனிதன், எலி இரண்டின் மரபணு வரிசையை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அதுவரை யாருக்கும் தெரியாத ஏ-5 என்ற இன்னோர் அபோலிப்போபுரோட்டீன் தெரியவந்தது. அது இல்லாத எலிகளுக்கு ட்ரைகிளிசரைடு ஏறத்தாழ நான்கு மடங்கு. 2007இல், நொதியை ரத்தக் குழாய்ச் சுவருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் மற்றொரு புரதம் கண்டுபிடிக்கப்பட்டது. இவற்றில் எது முழுதாகப் பழுதானாலும் ரத்தம் பால் நிறமாகும். எல்லா வகையும் சேர்த்துப் பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவருக்குத்தான் வரும் என்கிறார்கள். சி-2 குறை அதிலும் அரிது.

'பத்து லட்சத்தில் ஒருவருக்கு வருவதை எங்களுக்கு ஏன் சொல்கிறீர்கள் சார்?' என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நம் பள்ளியில் படித்த ஒரு மாணவர், அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன், 17 வயதில் தாங்க முடியாத வயிற்று வலியோடு மருத்துவமனைக்குப் போனார். கணைய அழற்சி என்றார்கள். அடுத்த கேள்வி, 'எத்தனை நாளா குடிக்கிற?' பையன் இல்லை என்றான். யாரும் நம்பவில்லை. ஒரு வருடத்தில் மறுபடி வந்தது. அக்கம்பக்கத்தில், 'அந்த வீட்டுப் பையன் ரகசியமாகக் குடிக்கிறான்' என்ற பேச்சு. அவன் அப்பா தறியில் உட்கார்ந்தபடியே அழுததை நான் பார்த்திருக்கிறேன். பழி அம்மாவையும் விடவில்லை. ஒரே பையன் என்று நெய் ஊற்றி ஊற்றி வளர்த்தாள், அதுதான் கொழுப்பு ஏறிவிட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள். மூன்றாவது முறைதான், வேறோர் ஊர் ஆய்வகத்தில் இருந்த ஒரு பெண், குழாயில் ரத்தம் வெளுத்திருப்பதைப் பார்த்து மருத்துவரிடம் ஓடியிருக்கிறார். பிறகு மரபணுச் சோதனை வரை போய், பிறவிக் குறை என்பது உறுதியானது. 17 வயதிலிருந்து 24 வயது வரை, ஏழு வருடம், குடிக்காத பிள்ளை குடிகாரன் என்ற பேரோடு இருந்தான்.

கணைய அழற்சிக்கு மதுவும் பித்தக்கல்லும் முக்கியக் காரணங்கள் என்பது உண்மை. மருத்துவர் அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் 'இல்லை' என்ற பதிலுக்குப் பிறகு ட்ரைகிளிசரைடையும் பார்க்க வேண்டும். 1978இல் டொரண்டோவில் கண்டது, அதற்கு எத்தனையோ ஆண்டுகள் கழித்து நம் ஊர்ப் பிள்ளைக்கு வந்து சேர ஏழு வருடம் ஆகியிருக்கிறது. அறிவு உலகத்தில் இருப்பது வேறு, நம் வாசலுக்கு வருவது வேறு.

இன்னொரு விஷயம், நம் வழக்கத்தோடு தொடர்புடையது. அந்த மாணவரின் தாயார் கட்டியது சொந்தத் தாய்மாமனை. இதைச் சொன்னதும் சிலருக்குக் கோபம் வரும். முழுதும் படியுங்கள்.

அக்கா மகளைக் கட்டுவது, அத்தை மகன் மாமன் மகள் முறை, இவையெல்லாம் நம் பக்கத்தில் காலம் காலமாக உள்ளவை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ்.எஸ். ராவ், எஸ்.ஜி. இன்பராஜ் இருவரும் வட ஆற்காடு மாவட்டத்தில் ஆய்வு செய்து 1977இல் வெளியிட்டார்கள். கிராமங்களில் கிட்டத்தட்டப் பாதித் திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலும் தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேல் சொந்தத்தில்தான். வேலூர்க்காரர்கள் கணக்கில் பிள்ளைப்பேற்றில் பெரிய வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய் அப்படிப்பட்ட மொத்தக் கணக்கில் தெரியாது. அது ஒரு தெருவில் ஒரு வீட்டில்தான் தெரியும்.

நம் ஒவ்வொருவர் உடம்பிலும் ஏதாவது சில மரபணுக்களில் ஒரு பிரதி பழுதாக இருக்கத்தான் செய்யும். மற்றொரு பிரதி நன்றாக இருப்பதால் தெரிவதில்லை. டொரண்டோக் குடும்பத்தில் பாதிச் சி-2 உள்ளவர்கள் நன்றாக இருந்தார்கள் அல்லவா, அதேபோல. ஒரே பாட்டி தாத்தாவின் வழி வந்த இருவர் மணந்தால், அதே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டிய எல்லாருக்கும் வரும் என்பது பொய். வரவே வராது என்பதும் பொய். அசலில் கட்டியவர்களுக்கும் வரலாம். இதில் அம்மா பாதி, அப்பா பாதி. மருமகளை மட்டும் நிற்க வைத்துக் கேள்வி கேட்க எந்த நியாயமும் இல்லை.

அந்த மாணவருக்கு இப்போது கல்யாணப் பேச்சு. பெண், மாமன் மகள். 'பெண்ணுக்கு அந்த ஒரு மரபணுவை மட்டும் சோதித்துவிடலாம்' என்று அவரே சொல்லியிருக்கிறார். மாமன் வீட்டில் பிடிக்கவில்லை. 'எங்க பொண்ணுக்கு என்ன குறை?' என்ற வழக்கமான கேள்வி. அப்போதுதான் என்னிடம் வந்தார். 'சார், நான் சொன்னா சண்டையாயிடுது. நீங்க எழுதுங்க, மாமா உங்ககிட்ட படிச்சவருதான், படிப்பாரு' என்றார்.

ஆகவே அந்த மாமாவுக்கு இந்தப் பத்தி. தம்பி, சோதனை என்பது உன் பெண்ணுக்குக் குறை சொல்வது அல்ல. அவளிடம் அந்தப் பழுது இல்லை என்றால், பிறக்கும் குழந்தைகள் எல்லாம் பாதிச் சீட்டோடு நன்றாக இருப்பார்கள். அவளிடமும் ஒரு பிரதி பழுது என்றால், அவள் ஆரோக்கியத்துக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. தெரிந்து முடிவெடுப்பது உங்கள் உரிமை. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், பதினொன்றாவதாக இதையும் பார்த்துவிட்டு மரபியல் ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம் உங்கள் விருப்பம்.

மற்ற எல்லாருக்கும் ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, 'எனக்கும் ட்ரைகிளிசரைடு 280, எனக்கும் மரபணுதான் சார்' என்று ஆரம்பிக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையத்தினர் ஒருங்கிணைத்த ஆய்வு, தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடத்தி 2014இல் வெளியிட்டது, 29.5 சதவீதம் பேருக்கு ட்ரைகிளிசரைடு அதிகம் என்றது. பத்தில் மூன்று பேர்! அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் கட்டுப்படாத சர்க்கரை நோய், தொப்பை, மது, உட்கார்ந்தே இருக்கும் வேலை, தைராய்டுக் குறைவு, சில மருந்துகள். 'நாங்கள் கறியே தொடுவதில்லையே' என்பார்கள் சிலர். ஜினகாஞ்சி என்று பேர்பெற்ற நம் ஊரில் புலால் உண்ணாத குடும்பங்கள் நிறைய. ஆனால் மூன்று வேளையும் சோறு, இட்லி, இனிப்புக் காபி என்று மாவும் சர்க்கரையும் அளவுக்கு மிஞ்சினால், கல்லீரலே அதைக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடும். அதைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது. நடங்கள், சோற்றைக் குறையுங்கள், குடிப்பவர்கள் விடுங்கள்.

பிறவிக் குறை உள்ளவர்களின் பாடு வேறு. அவர்களுக்கு ஒரு நாள் முழுதும் எல்லா உணவிலும் சேர்த்து 20 கிராம் கொழுப்புக்குள் நிற்க வேண்டும். ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் அளவு! காஞ்சிபுரம் கோயில் இட்லியை வாசனை மட்டும்தான் பார்க்க முடியும். தேங்காய் எண்ணெய் நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எம்.சி.டி. என்று தனியாகப் பிரித்தெடுத்த எண்ணெயை மருத்துவர்கள் கொடுப்பதுண்டு, அது கைலோமைக்ரான் லாரியில் ஏறாமல் நேராகக் கல்லீரலுக்குப் போகும். கடையில் வாங்கும் தேங்காய் எண்ணெய் அது அல்ல. புதிய மருந்துகளும் வரத் தொடங்கியுள்ளன. நொதி இல்லாதவர்களுக்கான மரபணு மருந்து ஒன்று 2012இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்று, பெரும் விலையால் வாங்க ஆளின்றி 2017இல் நின்றுபோனது. 2024 டிசம்பரில் ஒலிசார்சென் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. கொழுப்பு கரைவதைத் தடுக்கும் சி-3 என்ற புரதத்தை அது குறைக்கிறது. நம் வீடுகளுக்கு எட்டும் விலையில் வர வேண்டும்.

கடைசியாக, மனதில் நிறுத்த வேண்டியவை. காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப மேல்வயிற்று வலி, முதுகு வரை பரவும் வலி வந்தால் ட்ரைகிளிசரைடு பார்க்கச் சொல்லுங்கள். கைக்குழந்தையின் ரத்தம் வெளுப்பாக இருக்கிறது என்று ஆய்வகத்தில் சொன்னால் அலட்சியம் வேண்டாம். முழங்கை, புட்டம் பகுதியில் மஞ்சள் நிறச் சிறு கொப்புளங்கள் திடீரென்று முளைத்தால் தோல் மருத்துவரோடு நிறுத்தாமல் ரத்தமும் பாருங்கள். ஒருவருக்கு உறுதியானால் கூடப்பிறந்தவர்களுக்கும் பாருங்கள்.

டொரண்டோவின் அந்த மனிதர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவரும் அவர் உறவினர்களும் தங்கள் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுக்காமல், 'எங்கள் வீட்டில் என்ன குறை?' என்று கதவைச் சாத்தியிருந்தால், நம் ஊர்ப் பிள்ளை இன்றும் குடிகாரன் என்ற பேரோடுதான் இருந்திருப்பான். அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய நன்றி, ஒரு நோயாளியைப் பார்த்ததும் காரணம் தெரியும் முன்பே பழி சொல்லாமல் இருப்பதுதான்.

சந்தேகம் இருந்தால் கருத்துப் பகுதியில் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை அந்த மருத்துவ மாணவியிடம் கேட்டுச் சொல்கிறேன். அவர் என்னைவிடக் கண்டிப்பான டீச்சர்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
திருப்பருத்திக்குன்றம்.